முடிவுக்கு ஒரு மதிப்பெண், விளைவுக்கு ஒரு மதிப்பெண்

தமிழில் ‘முடிவு’ என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. ‘வேலையை விட்டுவிட முடிவு எடுத்தேன்’ என்கிறோம். ‘எஸ்பிஎம் தேர்வு முடிவு வந்துவிட்டது’ என்றும் சொல்கிறோம். முதலாவது நாம் செய்வது. இரண்டாவது நமக்கு வந்து சேர்வது. ஒரே சொல் இரண்டையும் சுமப்பதால் பேச்சில் குழப்பம் ஒன்றும் வராது. மனதுக்குள்ளும் இரண்டும் ஒட்டிக்கொண்டால்தான் சிக்கல். வரைகலை, எழுத்து, புகைப்படம், இசை, காணொளி என்று படைப்புத் தொழிலில் பிழைக்கிறவர்களுக்கு அது பெரிய நட்டத்தில் கொண்டு போய் விடும். எனக்கு விட்டது. இனி இந்தக் கட்டுரையில் நாம் எடுப்பதை முடிவு என்றும், வந்து சேர்வதை விளைவு என்றும் சொல்கிறேன்.

2020 ஜனவரி முதல் வாரம். கோலாலம்பூரில் ஒரு விளம்பர ஏஜென்சியில் பார்த்துக்கொண்டிருந்த வடிவமைப்பு வேலையை விட்டுவிட்டு, பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தனுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மேல்மாடி அறையை வாடகைக்கு எடுத்தேன். கல்யாணப் பத்திரிகை, மேடைப் பின்னணி, கோயில் திருவிழா பண்டிங் (கம்பத்தில் தொங்கவிடும் பேனர்), இதெல்லாம் செய்வதாகத் திட்டம். கண்ணை மூடிக்கொண்டு குதிக்கவில்லை. எட்டு மாதச் செலவுக்குப் பணம் சேர்த்து வைத்திருந்தேன். மூன்று வாடிக்கையாளர்கள் அந்த ஆண்டுக்கான வேலையை எழுத்தில் உறுதி செய்திருந்தார்கள். இடத்துக்காரர் இரண்டு ஆண்டு ஒப்பந்தம் கேட்டார். பேசிப் பேசி ஓராண்டுக்குக் குறைத்தேன். ஜனவரி 25 அன்று மலேசியாவின் முதல் கோவிட் நோயாளிகள் பற்றிய செய்தி வந்தது. மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. கல்யாணம் இல்லை, திருவிழா இல்லை, மேடைப் பின்னணி யாருக்கு வேண்டும்? ஆகஸ்டில் அறையைக் காலி செய்தேன்.

“நான் அப்பவே சொன்னேன்” என்றார் அம்மா.

எனக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று அடுத்த இரண்டு ஆண்டு நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். 2021 கடைசியில் சிறுவர் நூல்களுக்குப் படம் வரையும் வேலை ஒன்று வந்தது. ஓராண்டுக்கு உறுதியான வேலை, நியாயமான தொகை, எனக்குப் பிடித்த வேலையும்கூட. பயந்துபோய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இதற்கு நேர்மாறான கதை ஒன்றும் இருக்கிறது. 2018-இல், ஏஜென்சி வேலையில் இருந்தபோதே, ஒரு துணிக்கடைக்குத் தீபாவளி விற்பனை பேனர்கள் செய்து கொடுத்தேன். முன்பணம் வாங்கவில்லை. எத்தனை முறை திருத்துவது, எப்போது பணம் என்று எதையும் எழுதிக்கொள்ளவில்லை. கடைக்காரர் சொன்ன தேதிக்கு முழுப் பணத்தையும் கொடுத்து, மேலே 200 வெள்ளியும் (மலேசிய ரிங்கிட்) ஒரு பை முறுக்கும் கொடுத்து அனுப்பினார். ‘மனிதர்களை நம்பினால் போதும், காகிதம் எதற்கு’ என்ற பாடத்தை அன்று கற்றுக்கொண்டேன். அதே பாடத்தை வைத்துக்கொண்டு 2022-இல் இன்னொரு நிறுவனத்துக்கு வேலை செய்து 4,200 வெள்ளியை இழந்தேன்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அறை எடுத்தது யோசித்து எடுத்த முடிவு, விளைவு கெட்டது. பேனர் வேலை யோசிக்காமல் எடுத்த முடிவு, விளைவு இனித்தது. நான் இரண்டிலும் விளைவைப் பார்த்துத்தான் முடிவுக்கு மதிப்பெண் போட்டேன். அதனால் தொடர்ந்து செய்ய வேண்டியதை விட்டுவிட்டேன், விட வேண்டியதைத் தொடர்ந்தேன். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பழம் நம் மடியில் விழும்போது காக்கையை யாரும் நினைப்பதில்லை.

ஆக, கருத்து இதுதான். ஒரு முடிவு நல்லதா கெட்டதா என்பதை, அதை எடுத்த நாளில் கையில் இருந்த தகவலையும், அதை வைத்து யோசித்த விதத்தையும் பார்த்துச் சொல்ல வேண்டும். விளைவில் அந்த முடிவுக்கும் பங்கு உண்டு; நம் கையில் இல்லாத நூறு விஷயங்களுக்கும் பங்கு உண்டு. நல்ல முடிவு நல்ல விளைவைத் தரலாம், கெட்டதையும் தரலாம். கெட்ட முடிவும் அப்படித்தான். நீண்ட காலத்தில், நிறைய முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தால், நல்ல முடிவுகள் பெரும்பாலும் கூடுதலாகக் கொடுக்கும். ஒரே ஒரு முடிவை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

கேட்டால் ‘இது தெரிந்ததுதானே’ என்று தோன்றும். தெரிந்தும் நாம் செய்வதில்லை என்பதுதான் விஷயம். அமெரிக்காவில் ஜொனதன் பேரன், ஜான் ஹெர்ஷி என்ற இருவர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்கு ஒரு கதை கொடுத்தார்கள். 55 வயது இதய நோயாளி. அறுவை சிகிச்சை செய்தால் வலி குறையும், ஆயுளும் கூடும். ஆனால் அந்தச் சிகிச்சையிலேயே இறந்துபோக நூற்றுக்கு 8 வாய்ப்பு. மருத்துவர் செய்யலாம் என்று முடிவெடுக்கிறார். ஒரு கதையில் நோயாளி பிழைக்கிறார், இன்னொன்றில் இறக்கிறார். மற்றபடி ஒரு சொல் மாற்றமில்லை. பிழைத்த கதையில் மருத்துவரின் யோசனைக்குக் கூடுதல் மதிப்பெண் கிடைத்தது. விளைவைக் கணக்கில் எடுக்கலாமா என்று கேட்டபோது, எடுக்கக் கூடாது என்று மாணவர்களே சொன்னார்கள். சொல்லிவிட்டு எடுத்தார்கள்.

அம்மா சொன்ன ‘அப்பவே சொன்னேன்’ இதன் உடன்பிறப்பு. 1972-இல் அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் பயணம் போவதற்கு முன், பாருக் ஃபிஷ்ஹாஃப், ரூத் பெய்த் என்ற ஆய்வாளர்கள், இன்னின்னது நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று மாணவர்களிடம் எண்ணாக எழுதி வாங்கினார்கள். பயணம் முடிந்த பிறகு, முன்பு எழுதிய எண்ணை நினைவிலிருந்து சொல்லச் சொன்னார்கள். நடந்துவிட்ட விஷயங்களுக்கு, தாங்கள் உண்மையில் எழுதியதைவிடப் பெரிய எண்ணைச் சொல்லும் போக்கு தெரிந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. நடந்தது தெரிந்தவுடன் நினைவே திருத்தி எழுதப்பட்டுவிடுகிறது. இதை 1975-இல் வெளியிட்டார்கள்.

எங்கள் வீட்டிலும் சான்று கிடைத்தது. பழைய வாட்ஸ்அப் உரையாடலில் வேறெதையோ தேடும்போது, 2020 ஜனவரியில் அம்மா அனுப்பிய குரல்பதிவு கண்ணில் பட்டது. “உன் கைக்கு வேலை வரும்மா, பயப்படாம செய்.” போட்டுக் காட்டினேன். அம்மா உண்மையிலேயே திகைத்துப் போனார். தான் தடுத்ததாகவே அவருக்கு நினைவு இருந்தது. அன்றைக்குத்தான், எழுதி வைக்காத எதையும் நம்பக் கூடாது என்று எனக்குப் புரிந்தது. என் நினைவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பழைய ரசீதுகளையும் செய்திகளையும் எடுத்து வைத்து 2020-ஐ மறுபடி பார்த்தேன். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. ‘அந்த ஆண்டு எடுத்த முடிவு’ என்று நான் மூட்டை கட்டி வைத்திருந்ததற்குள் இரண்டு முடிவுகள் இருந்தன. ஜனவரி முதல் வாரத்தில் அறை எடுத்தது ஒன்று. மார்ச் முதல் வாரத்தில் பழைய பேனர் அச்சு இயந்திரம் ஒன்றைச் சேமிப்பில் பாதியைக் கொடுத்து வாங்கியது இன்னொன்று. முதலாவதை எடுத்தபோது மலேசியாவில் ஒரு நோயாளிகூட அறியப்படவில்லை. இரண்டாவதை எடுத்தபோது நாளிதழ் முழுக்க அதே செய்தி. இரண்டு வாடிக்கையாளர்கள் தேதியைத் தள்ளிப் போடுவது பற்றி ஏற்கெனவே பேசியிருந்தார்கள். விலை மலிவாக இருக்கிறதே என்று வாங்கினேன். அது கெட்ட முடிவுதான், கூசாமல் சொல்லலாம். இரண்டையும் பிரித்துப் பார்த்த பிறகு முதலாவதற்காக என்னைத் திட்டுவதை நிறுத்தினேன், இரண்டாவதிலிருந்து கற்றுக்கொள்ளத் தொடங்கினேன்.

இங்கே புதியவர்கள் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. ‘அன்று எனக்குத் தெரியாது’ என்பதில் இரண்டு வகை. யாரைக் கேட்டாலும் தெரிந்திருக்காது என்பது ஒன்று. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், நான் கேட்கவில்லை என்பது மற்றொன்று. முதல் வகைக்கு மன்னிப்பு உண்டு. இரண்டாவது முடிவின் தரத்திலேயே உள்ள ஓட்டை.

2022-இல் நான் இழந்தது இரண்டாவது வகையில் வரும். ஒரு நிறுவனத்தின் நாள்காட்டிக்காகப் பன்னிரண்டு கோலப் படங்கள் வரைந்தேன். எழுத்தில் எதுவும் இல்லை. பணம் பாதிதான் வந்தது. சில மாதங்கள் கழித்து அதே கோலங்கள் அவர்களுடைய பலகாரப் பெட்டிகளில் அச்சாகி, கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் விற்பனைக்கு வந்தன. ‘வரைந்தது நான், உரிமை எனக்குத்தானே’ என்று கோபமாகக் கேட்கப் போனேன். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் செய்து கொடுக்கும் படைப்பின் பதிப்புரிமை, கேட்டவருக்கு மாறிவிட்டதாகவே கருதப்படும். வேண்டாமென்றால் இரு தரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும். அதாவது, எழுதாமல் விட்டால் கொடுத்துவிட்டோம் என்று பொருள். இது ரகசியமில்லை. தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் படித்திருக்க வேண்டிய ஒரு பத்தி. இப்போது என் விலைப்பட்டியலின் அடியில் இரண்டு வரி இருக்கிறது: படம் இந்த நாள்காட்டிக்கு மட்டும், வேறு பயன்பாட்டுக்குத் தனிக் கட்டணம். வாடிக்கையாளர் அதன் கீழே கையெழுத்துப் போட்ட பிறகுதான் பென்சிலைத் தொடுகிறேன்.

படைப்புத் தொழிலில் இந்தக் குழப்பம் ஏன் இவ்வளவு ஆழமாக வேர்விடுகிறது? நம் வேலையின் விளைவு தாமதமாகவும் கலங்கலாகவும் வருவதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம் உணவகத்தில், ரொட்டி சானாய் போடுகிறவரைப் பாருங்கள். மாவை வீசின அடுத்த நொடியே கிழிந்ததா விரிந்ததா என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஒரு காலைக்குள் நூறு முறை வீசித் திருத்திக்கொள்கிறார். நமக்கோ ஒரு சுவரொட்டியின் வண்ணத்தைத் தேர்ந்தெடுத்தது சரியா என்று தெரிய இரண்டு மாதம் ஆகும். அதற்குள் மழை, பக்கத்துக் கடையின் தள்ளுபடி, வாடிக்கையாளரின் மனநிலை, சமூக ஊடகம் அன்று எதை மேலே தூக்கியது, எல்லாம் கலந்துவிடும். ஓர் ஆண்டில் பெரிய முடிவுகள் பத்தோ பதினைந்தோதான் வரும். இவ்வளவு குறைவான, இவ்வளவு கலங்கிய விளைவுகளை மட்டும் வைத்துக் கற்றுக்கொள்ளப் பார்த்தால் கற்றுக்கொள்வது தவறாகத்தான் இருக்கும்.

இதற்கு நான் பயன்படுத்தும் கருவி ஒரு நோட்டுப் புத்தகம். செயலி எதுவும் வேண்டாம். பெரிய முடிவு எடுக்கும் நாளில், விளைவு தெரிவதற்கு முன்பே, கால் மணி நேரம் உட்கார்ந்து எழுதுவேன். என்ன முடிவு, வேறு என்னென்ன வழிகள் இருந்தன, இன்று எனக்குத் தெரிந்தது என்ன, தெரியாதது என்ன, தெரியாததை யாரிடம் கேட்கலாம், கேட்டேனா. அப்புறம், இது சரியாக வரும் என்று பத்துக்கு எத்தனை நம்புகிறேன் என்று ஓர் எண். ‘அநேகமாக வரும்’ என்று எழுதினால் பின்னால் எப்படி வேண்டுமானாலும் வளைத்துக்கொள்ளலாம். ஏழு என்று எழுதினால் வளையாது. கடைசியாக அன்றைய உடல்நிலை, தூக்கம், கையிருப்புப் பணம். இது தேவையா என்று கேட்பீர்கள். வாடகை கட்ட வேண்டிய வாரத்தில் நான் ஒத்துக்கொண்ட வேலைகளுக்கும் மற்ற வாரங்களில் ஒத்துக்கொண்டவற்றுக்கும் உள்ள வேறுபாட்டைப் பக்கங்களைப் புரட்டியபோதுதான் கண்டேன். விலையைக் குறைத்தது, திருத்தங்களுக்கு எல்லை வைக்காதது, எல்லாம் அந்த வாரங்களில்தான். இப்போது 25-ஆம் தேதிக்கு மேல் புதிய வேலைக்கு உடனே சரி சொல்வதில்லை. ஓரிரவு தள்ளிப் போடுகிறேன்.

ஒவ்வொரு பக்கத்திலும், திரும்பத் திறக்க வேண்டிய தேதியையும் எழுதி வைப்பேன். அந்த நாளில் இரண்டு மதிப்பெண். முதலில் முடிவுக்கு, பக்கத்தில் உள்ளதை மட்டும் படித்து. பிறகு விளைவுக்கு. வரிசையை மாற்றக் கூடாது. விளைவை முதலில் எழுதினால் அது முடிவின் மதிப்பெண்ணையும் இழுத்துக்கொண்டு போய்விடும். முடிந்தால் முதல் மதிப்பெண்ணை விளைவு தெரியாத ஒரு தோழியிடம் கேட்டு வாங்குங்கள். செந்தூலில் எனக்கு ஒரு தோழி இருக்கிறாள், ஒலிப்பதிவு செய்பவள். என் பக்கத்தை அவள் படிப்பாள், அவள் பக்கத்தை நான் படிப்பேன். “இதை நீ யாரிடமும் கேட்கவே இல்லையே” என்று அவள் சொல்வது வலிக்கும். ஆனால் அதில்தான் பயன்.

எல்லா முடிவுக்கும் இப்படி எழுதத் தேவையில்லை. திரும்பப் பெற முடிகிற முடிவுகளை, எந்த எழுத்துரு, எந்த நிறம், இன்று எதைப் பதிவிடுவது போன்றவற்றை, சட்டென்று எடுத்துவிட்டுப் பார்த்துத் திருத்துவதே நல்லது. உரிமையை எழுதிக் கொடுப்பது, கூட்டாளி சேர்ப்பது, வேலையை விடுவது, 500 பண்டிங் அச்சுக்கு ‘ஓகே’ சொல்வது, இவை திரும்பாதவை. நோட்டுப் புத்தகம் இவற்றுக்கு.

அச்சு என்றதும் இன்னொரு நல்ல பழக்கம் நினைவுக்கு வருகிறது. கேரி கிளைன் என்ற அமெரிக்க உளவியலாளர் பரிந்துரைத்த முறை இது. வேலையைத் தொடங்கும் முன்பே, அது ஏற்கெனவே தோற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று எழுத வேண்டும். ‘என்ன தவறு நடக்கலாம்’ என்று கேட்டால் மனம் மழுப்பும். ‘இன்று தீபாவளிக்கு முந்தைய நாள், கடை வாசலில் பேனர் இல்லை, ஏன்?’ என்று கேட்டால் காரணங்கள் வரிசையில் வந்து நிற்கும். முதலாளி சரக்கு எடுக்கச் சென்னை போய்விட்டார், ஒப்புதல் தர ஆள் இல்லை. அச்சுக்கூடத்தில் எல்லாருடைய தீபாவளி வேலையும் ஒரே வாரத்தில் குவிந்துவிட்டது. தமிழ் எழுத்து உடைந்து அச்சாகிவிட்டது. மூன்றையும் முன்கூட்டியே அடைக்கலாம்.

மூன்றாவது காரணத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் வேலையின் தரத்துக்கும் இதே கருத்து பொருந்தும். வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான எழுத்தமைப்புத் தேர்வை இயக்காமல் தமிழை ஒட்டினால், ‘கெ’ என்ற எழுத்தின் கொம்பு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். கோலாலம்பூரில் தீபாவளிக் காலத்தில் சாலையோரம் பார்த்தால் இப்படிக் கால் ஒடிந்த தமிழ் எத்தனையோ தொங்கும். நானும் ஒரு முறை அப்படி அனுப்பியிருக்கிறேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வாடிக்கையாளர் மகிழ்ந்தார், படத்துக்கு நிறைய விருப்பக்குறிகள்கூட விழுந்தன. விளைவு நல்லது, வேலை மோசம். அதற்கு நேர்மாறாக, மூன்று வாரம் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தின் இடைவெளியையும் சரி செய்த ஒரு தமிழ்ப்பள்ளி ஆண்டு மலரை ஐம்பது பேர்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். என்னைக் கேட்டால், நான் செய்ததில் நல்லது அதுதான்.

அதனால் இப்போது ஒரு வேலையை அனுப்பும் முன், யாரும் கருத்துச் சொல்வதற்கு முன், என் தீர்ப்பை நான் எழுதிவிடுகிறேன். எது நன்றாக வந்திருக்கிறது, எந்த இடத்தில் நேரமில்லாமல் ஒப்பேற்றினேன், இன்னும் ஒரு நாள் இருந்தால் எதைத் தொடுவேன். ஒரு தாளில் உண்மை அளவில் அச்செடுத்து, தமிழ் படிக்கிற வேறு ஒருவரிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன். எழுத்துருவை அவுட்லைனாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றியிருக்கிறதா, வெட்டும் ஓரத்துக்கு 3 மில்லிமீட்டர் விட்டிருக்கிறதா என்று பார்க்கிறேன். அதற்கப்புறம் வரும் பாராட்டும் திட்டும் என் தீர்ப்புக்குப் பக்கத்தில் உட்காரும், அதன் மேல் ஏறி உட்காராது.

இந்தக் கருத்தைக் கெட்ட விதமாகவும் பயன்படுத்தலாம். ‘என் முடிவு சரிதான், விளைவுதான் சரியில்லை’ என்று ஒவ்வொரு முறையும் சொன்னால் அது சாக்கு. ஒரு முறை முன்பணம் இல்லாமல் ஏமாந்தால் அதில் அதிர்ஷ்டத்துக்குப் பங்கு இருக்கலாம். நான்கு முறை ஏமாந்தால் முடிவில்தான் கோளாறு. எண்ணாக எழுதச் சொன்னது இதற்காகவும்தான். ஏழு என்று எழுதிய பக்கங்களை மட்டும் சேர்த்துப் பாருங்கள். பத்தில் ஏழு சரியாக வந்திருந்தால் உங்கள் கணிப்பு சுத்தம். மூன்றுதான் வந்திருந்தால் உலகத்தைக் குறை சொல்ல இடமில்லை. எனக்கு இது காட்டிக்கொடுத்தது நேரக் கணக்கை. மூன்று நாளில் முடிப்பேன் என்று நான் எட்டு, ஒன்பது போட்ட வேலைகள் பெரும்பாலும் ஐந்து நாள் எடுத்திருந்தன. இப்போது ஐந்து என்றே வாடிக்கையாளரிடம் சொல்கிறேன். சிலர் வேறு ஆளைத் தேடிப் போகிறார்கள். இருப்பவர்களுக்குச் சொன்ன நாளில் வேலை போகிறது.

போன மாதம் அந்தச் சிறுவர் நூல்காரர்கள் மறுபடி அழைத்தார்கள், இம்முறை நான்கு நூல்கள். ஒப்பந்தத்தை இரண்டு முறை படித்தேன், உரிமை பற்றிய ஒரு வரியை மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். நோட்டில் ‘சரி’ என்று எழுதி, பக்கத்தில் 7 போட்டேன். சமையலறையிலிருந்து அம்மா என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். அவர் கருத்தையும் கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே, தேதியோடு அதே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அம்மாவின் எண் 9.